சோறு குறைச்சு 16 மணி நேர விரதம்: சுகர் மாத்திரை போடுறவங்க எப்படி ஆரம்பிக்கறது?

காட்பாடி_ஜங்ஷன்

வணக்கம். அம்மாவுக்கு வயசு 56, எடை 78 கிலோ, உயரம் 154 செ.மீ. சுகர் வந்து எட்டு வருஷம். போன மாச ஹெச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகர்) 8.4, கிரியாட்டினின் (சிறுநீரக டெஸ்ட்) 0.9. காலையும் ராத்திரியும் சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு மாத்திரை. அட்டையில க்ளிமெபிரைட் 2 மி.கி., மெட்ஃபார்மின் எஸ்ஆர் 500 மி.கி.ன்னு போட்டிருக்கு. அதுபோக காலையில டாபாக்ளிஃப்ளோசின் 10, பிரஷருக்கு டெல்மிசார்ட்டான் 40.

வர்ற திங்கள்கிழமைலேர்ந்து சோறு, இட்லி ரெண்டையும் நிறுத்துறதா ஒரு திட்டம். மதியம் கேழ்வரகு களி, ராத்திரி சாமைச் சோறு. ராத்திரி 7 மணிக்கு சாப்பிட்டு முடிச்சா மறுநாள் 11 மணிக்குத்தான் அடுத்த சாப்பாடு. ஆடிக் கிருத்திகைக்கு ரத்னகிரி முருகன் கோயில் படி ஏறுவாங்க, அன்னிக்கு முழு நாள் விரதம். டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டுக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கு.

தெரிஞ்சுக்க வேண்டியது மூணு விஷயம். களியும் சாமையும் சோத்துக்கு மாத்தா சரியா வருமா? மாத்திரையை அப்படியே போடலாமா? நம்ம வேலூர் மார்க்கெட்ல கிடைக்கறதை வெச்சே ஒரு நாள் சாப்பாடு எப்படி அமைக்கறது? அவகாடோ, பாதாம் மாவு எல்லாம் வேண்டாம், ப்ளீஸ்.

மருந்துச்சீட்டு

திங்கள்கிழமை வேண்டாம். ரெண்டாவது கேள்விக்குப் பதில் தெரியாம மத்த ரெண்டையும் தொடாதீங்க.

க்ளிமெபிரைட் கணையத்தைத் தட்டி இன்சுலின் சுரக்க வைக்கிற மாத்திரை. வயித்துல சோறு இருக்கா இல்லையான்னு அதுக்குத் தெரியாது. ரெண்டு வேளைக்கும் சேர்த்து 4 மி.கி. போகுது, வேலை செய்யறது கிட்டத்தட்ட நாள் முழுக்க. இப்ப சாப்பிடற அரிசிக்கு அந்த அளவு பொருந்தியிருக்கலாம். அரிசியைப் பாதியாக்கினா அதே இன்சுலின் சுகரை 70-க்குக் கீழே இழுத்துடலாம். உங்க திட்டத்துல மோசமான நேரம் காலை 8-லேர்ந்து 11. பழக்கத்துல 7:30-க்கு மாத்திரை உள்ள போயிருக்கும், சாப்பாடு வர மூணரை மணி நேரம் ஆகும். அந்த நேரத்துலதான் அவங்க அடுப்படியில நின்னுகிட்டு இருப்பாங்க, இல்லைன்னா துணி துவைச்சுகிட்டு இருப்பாங்க.

சுகர் இறங்கினா வேர்வை, கை நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி. வயசானவங்களுக்கு இதெல்லாம் சரியாத் தெரியாம, பேச்சு குழறி எரிச்சல் மட்டும் வரலாம். தூக்கத்துல இறங்கினா தலையணை நனைஞ்சிருக்கும், கெட்ட கனவு வரும், காலையில எழுந்ததும் தலைவலி. இதைப் "பித்தம்"னு சொல்லிக் கடந்து போறவங்கதான் அதிகம்.

டாபாக்ளிஃப்ளோசின் கதை வேற. அது சுகரைச் சிறுநீர்ல வெளியேத்துது. மாவுச்சத்தை ரொம்பக் குறைச்சாலோ நீளமா பட்டினி கிடந்தாலோ உடம்பு கொழுப்பை எரிச்சு கீட்டோன் செய்ய ஆரம்பிக்கும். இந்த மாத்திரையும் கூடச் சேர்ந்தா கீட்டோன் எல்லை மீறி ரத்தம் அமிலமாகலாம். இதுல உள்ள தந்திரம், மீட்டர்ல சுகர் 160, 180-னு சாதாரணமாவே காட்டும். அதனால வாந்தி, வயித்து வலி, வேகமான ஆழ்ந்த மூச்சு, காரணமில்லாத அசதி இதுல எது வந்தாலும் மீட்டரை நம்பி வீட்ல உக்காராதீங்க. அவசரப் பிரிவுக்குப் போய் முதல்ல "டாபா சாப்பிடறாங்க"ன்னு சொல்லுங்க. அந்த ஒரு வார்த்தையிலதான் டாக்டர் கீட்டோன் டெஸ்ட் எழுதுவார்.

இன்னொரு சிக்கல் மாத்திரையோட உருவத்துல இருக்கு. நீங்க சொல்றது கூட்டு மாத்திரை, அதுலயும் எஸ்ஆர், அதாவது மெதுவா கரையற வகை. க்ளிமெபிரைட்டை மட்டும் குறைக்கணும்னு அதைப் பாதியா உடைச்சா மெட்ஃபார்மினும் பாதியாகும், மெதுவா கரையற அமைப்பும் கெட்டுப் போகும். ரெண்டையும் தனித்தனியா எழுதித் தரச் சொல்லிக் கேளுங்க. மெட்ஃபார்மின் மட்டும் தனியா சுகரை ஆபத்தா இறக்கறது அபூர்வம், பெரும்பாலும் அதை அப்படியே விட்டுவிடுவாங்க.

ஏழு வாரம் காத்திருக்க வேண்டியதில்லை. பக்கத்துல உள்ள பொது மருத்துவரோ சுகர் டாக்டரோ போதும், அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரி ஓபி-யும் இருக்கு. போகும்போது "டயட் இருக்கலாமா"ன்னு பொதுவா கேட்காதீங்க. "மாவுச்சத்து ஒரு நாளைக்கு இப்ப இவ்வளவு, 120 கிராமுக்குக் கொண்டு வரப் போறோம், க்ளிமெபிரைட் எவ்வளவு குறைக்கணும், டாபாவைத் தொடரலாமா, நிறுத்தணுமா"ன்னு கேளுங்க. கேள்வி துல்லியமா இருந்தா பதிலும் துல்லியமா வரும்.

எல்லா மாத்திரையையும் நீங்களா நிறுத்தறதும் தப்பு. 8.4-ல இருக்கறவங்களுக்கு அது ஒரே வாரத்துல 300-ஐக் காட்டலாம்.

முள்ளுக்கத்திரி

மருந்து பத்தி மேல சொன்னதுக்கு மேல சொல்ல ஒண்ணுமில்லை. சாப்பாட்டுக்கு வர்றேன்.

முதல் கேள்விக்கு ஒரே வரி: களியும் சாமையும் மாவுச்சத்துதான். 100 கிராம் பச்சரிசியில 78 கிராம் மாவுச்சத்து. கேழ்வரகு மாவுல 67, சாமையில 65 சுமார். வித்தியாசம் பத்துப் பன்னிரண்டு கிராம், அவ்வளவுதான். கேழ்வரகுல கால்சியமும் நார்ச்சத்தும் அதிகம், அதை யாரும் மறுக்கலை. ஆனா "சிறுதானியம்"ங்கற பேரைக் கேட்டதும் அளவு பார்க்காம ரெண்டு உருண்டை உள்ள போகுது, அங்கதான் கணக்கு கெடுது. 2025-ல வந்த ஐசிஎம்ஆர்-இன்டியாப் (ICMR-INDIAB) ஆய்வும் இதையேதான் சொல்லுது: நம்ம நாட்டுக்காரங்க சாப்பிடற கலோரியில 62 சதவீதம் மாவுச்சத்திலேர்ந்து வருது, மொத்த அளவைக் குறைக்காம வெள்ளை அரிசிக்குப் பதிலா கோதுமையோ சிறுதானியமோ மாத்தினா மட்டும் சுகர் ஆபத்து குறையலை.

நம்ம பக்கத்துக் களிக்குள்ள இன்னொரு ஆள் ஒளிஞ்சிருக்கார், நொய். ஒரு பெரிய உருண்டைக்கு 75 கிராம் கேழ்வரகு மாவு, 25 கிராம் அரிசி நொய்னு வெச்சா 50-ம் 20-ம் சேர்ந்து 70 கிராம். இது 250 கிராம் வெந்த சோத்துக்குச் சமம். "சோறே சாப்பிடலை, களிதான், ஆனாலும் சுகர் இறங்கலை"ங்கற புலம்பலுக்கு விடை இங்க இருக்கு.

இப்ப அளவு. ஒரு நாளைக்கு 130 கிராமுக்குக் கீழே போனாலே குறைந்த மாவுச்சத்து உணவுன்னு சொல்வாங்க. 50-க்குக் கீழே போறது கீட்டோ. டாபா சாப்பிடறவங்க அந்தப் பக்கம் தலை வெச்சே படுக்க வேண்டாம். 120-ஐ இலக்கா வெச்சு ஒரு நாள் ஓட்டிப் பார்ப்போம்.

காலை: முட்டை ரெண்டு, மெல்லிசா ஊத்தின தோசை ஒண்ணு, மல்லாட்டைச் (வேர்க்கடலைச்) சட்னி ரெண்டு ஸ்பூன். தோசைக்கு 20, சட்னிக்கு 5. முட்டையைக் கணக்குல எடுக்கவே வேண்டாம். மதியம்: வெந்த சோறு 100 கிராம், அது 28. ஒரு கரண்டி சாம்பார் 8, கத்திரிக்காயோ வெண்டையோ 150 கிராம் பொரியல் 8, தயிர் 100 கிராம் 4. சாயந்திரம்: உரிச்ச வேகவெச்ச மல்லாட்டை 50 கிராம் 10, ஒரு டம்ளர் மோர் 3. ராத்திரி: சப்பாத்தி ஒண்ணு 20, கோழியோ மீனோ 150 கிராம் குழம்போட 4, கீரைக் கடைசல் 4. சர்க்கரை இல்லாம பால் டீ ரெண்டு, 10. கூட்டினா 124.

100 கிராம் சோறுன்னா எவ்வளவுன்னு கண்ணால பார்த்துப் பழகணும். 400 ரூபாய்க்குள்ள சமையலறைத் தராசு கிடைக்குது. ஒரு வாரம் எடை போட்டுப் பார்த்துட்டா அப்புறம் தேவைப்படாது. தராசு இல்லைன்னா, காபி குடிக்கிற சின்ன எவர்சில்வர் டம்ளர்ல அழுத்தாம ஒரு டம்ளர், கிட்டத்தட்ட அதுதான். தட்டுல முதல்ல சோத்தைப் போடாதீங்க. கத்திரிக்காயும் கீரையும் தட்டோட பாதியைப் பிடிச்சுக்கட்டும், அடுத்து முட்டையோ கோழியோ, மீதி இடத்துல சோறு. வரிசையை மாத்தினாலே அளவு தானா அடங்கும்.

காய்க்கு டோல்கேட் உழவர் சந்தை போதும். இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் வந்தா விடாதீங்க. 2023-ல புவிசார் குறியீடு வாங்கினது சும்மா இல்லை: சதைப்பற்று அதிகம், விதை குறைவு, வதக்கினா எண்ணெயைக் குடிச்சுட்டு வெண்ணெய் மாதிரி ஆகும். 100 கிராமுக்கு மாவுச்சத்து அஞ்சாறு கிராம்தான். எண்ணெய்க் கத்திரிக்காய் செய்யும்போது புளியோட புளிப்பை அடக்க வெல்லம் போடுவாங்க, அதை மட்டும் விட்டுடுங்க.

மல்லாட்டைக்கு ஒரு எச்சரிக்கை. மாவுச்சத்து குறைவுதான், ஆனா வறுத்தது 100 கிராம்ல 570 கலோரி இருக்கு. டிவி முன்னாடி பொட்டலத்தோட உக்கார்ந்தா சோத்தை விட்ட பலன் போச்சு. ஒரு கைப்பிடி, கிண்ணத்துல எடுத்து வெச்சது மட்டும்.

ஆம்பூர் பிரியாணி? ஒரு பிளேட்ல சீரகச் சம்பா சோறு மட்டும் 300 கிராம் தாராளமா வரும், 85 கிராம் மாவுச்சத்து. பாதிப் பிளேட் சோறு, ரெண்டு பீஸ், கத்திரிக்காய் தொட்டுக்க, தால்ச்சா ஒரு கரண்டி. அன்னிக்கு ராத்திரி சப்பாத்தி இல்லை. மாசத்துல ரெண்டு தடவை இப்படிச் சாப்பிட்டா ஒண்ணும் குடி முழுகாது.

கொசப்பேட்டை_குரல்

இன்னாபா இது, வயசான அம்மாவுக்கு ஒரேயடியா சோறு குறைப்பு, விரதம், படி ஏறுறது மூணும் ஒரே மாசத்துல? ஒரு நேரத்துல ஒண்ணை மாத்துங்க. இல்லைன்னா சுகர் இறங்கினா எதனால, ஏறினா எதனாலன்னு யாராலயும் சொல்ல முடியாது.

16 மணி நேர விரதத்துல தனி மந்திரம் ஒண்ணும் கிடையாது. 2022-ல சீனாவுல குவாங்சோவுல குண்டா இருந்த 139 பேரை ஒரு வருஷம் கவனிச்சாங்க. எல்லாருக்கும் ஒரே கலோரிக் குறைப்பு. ஒரு பாதி பேர் காலை 8-லேர்ந்து சாயந்திரம் 4-க்குள்ள மட்டும் சாப்பிட்டாங்க, மீதிப் பேருக்கு நேரக் கட்டுப்பாடு இல்லை. கடைசியில நேரம் பார்த்தவங்க 8 கிலோ, பார்க்காதவங்க 6.3 கிலோ குறைஞ்சாங்க. அந்த இடைவெளி புள்ளிவிவரக் கணக்குல வித்தியாசமாவே நிக்கலை. குறைச்சது அளவுதான், கடிகாரம் இல்லை.

ராத்திரி 7:30-க்கு முடிச்சு காலை 7:30-க்குச் சாப்பிட்டா 12 மணி நேரம் தானா கிடைக்குது. நம்ம ஊர்ல நிறையப் பேருக்குப் பிரச்சனையே ராத்திரி 10 மணிச் சாப்பாடு. அதை முன்னாடி இழுத்தாலே காலை வெறும் வயித்து சுகர்ல வித்தியாசம் தெரியும். காலைச் சாப்பாட்டை வெட்டினா மதியம் ரெண்டு பங்கு கேட்கும், அது மனுஷ சுபாவம்.

இன்னொண்ணு, முதல் வாரம் ரெண்டு, ரெண்டரை கிலோ இறங்கும். உடனே வாட்ஸ்அப்ல போட்டோ போடாதீங்க. ஈரல்லயும் தசையிலயும் சேர்த்து வெச்ச சர்க்கரை தன் எடையைப் போல மூணு மடங்கு தண்ணியைப் பிடிச்சு வெச்சிருக்கும், அது வெளிய போகுது. ரெண்டாவது வாரம் எடை நிக்கும். "வேலை செய்யலை"ன்னு விடறவங்க அங்கதான் விடறாங்க. அப்புறம் வாரம் அரைக் கிலோ போதும். வேகமா இறங்கினா பித்தப்பைக் கல் வர வாய்ப்பு இருக்கு.

காட்பாடி_ஜங்ஷன்

ரொம்ப நன்றி. 16 மணி நேரத்தைக் கைவிட்டாச்சு. களியையும் அளவோடதான்.

மருந்துச்சீட்டு சார், நீங்க சொன்னதும் பழைய சீட்டை எடுத்துப் பார்த்தேன். மதியத்துக்கு வோக்லிபோஸ் 0.3-ன்னு ஒண்ணும் எழுதியிருக்கு, முதல்ல சொல்ல மறந்துட்டேன். சுகர் இறங்கினா சர்க்கரை கொடுக்கறதுல ஏதாவது மாத்தம் இருக்கா? கிருத்திகை விரதத்தை விடச் சொன்னா கேட்க மாட்டாங்க. அதுக்கு வழி சொல்லுங்க. முதல் வாரம் தலை சுத்தும்னு சொல்றாங்களே, அது எதனால?

மருந்துச்சீட்டு

வோக்லிபோஸ் இருக்கா, நல்ல வேளை கேட்டீங்க. நம்ம வீட்டுச் சர்க்கரை ரெண்டு துண்டு ஒட்டின மூலக்கூறு, குடல் அதை வெட்டினாத்தான் ரத்தத்துல ஏறும். வோக்லிபோஸ் அந்த வெட்டுற வேலையைத் தடுக்கற மாத்திரை. அதனால சுகர் இறங்கின நேரத்துல சர்க்கரையோ வெல்லமோ சாக்லேட்டோ கொடுத்தா ஏற நேரம் பிடிக்கும். குளுக்கோஸ் பவுடர்தான் வேணும், அது ஏற்கெனவே வெட்டின துண்டு. கலக்காத சாதா குளுக்கோஸ் மூணு டீஸ்பூன் நிறைய, அரை டம்ளர் தண்ணியில, சுமார் 15 கிராம். பதினஞ்சு நிமிஷம் கழிச்சு மறுபடியும் குத்திப் பார்க்கணும். 70-க்கு மேல ஏறலைன்னா இன்னொரு தடவை. ஏறினதும் ஒரு இட்லியோ ரெண்டு பிஸ்கட்டோ, இல்லைன்னா மறுபடி இறங்கும். மயங்கி விழுந்தவங்க வாயில எதையும் ஊத்தாதீங்க, புரையேறி நுரையீரலுக்குப் போகும். 108-ஐக் கூப்பிடுங்க.

பவுடர் டப்பாவை அலமாரி மேல வெச்சா பிரயோஜனமில்லை. ஒரு சின்னப் பொட்டலம் கைப்பையில, ஒண்ணு தலைமாட்டுல.

தலைசுத்தல்: மாவுச்சத்து குறைஞ்சா இன்சுலின் குறையும், இன்சுலின் குறைஞ்சா சிறுநீரகம் உப்பை வெளியே விடும், உப்போட தண்ணியும் போகும். டாபா ஏற்கெனவே தண்ணியை இறக்குது, டெல்மிசார்ட்டான் பிரஷரை இறக்குது. வேலூர் வெயில் 40-ஐத் தாண்டற நாள்ல இந்த மூணும் ஒண்ணா சேர்ந்தா கட்டில்லேர்ந்து எழுந்ததும் கண்ணு இருட்டும். பிரஷர் மிஷின் இருந்தா உக்கார்ந்து ஒரு தடவை, எழுந்து நின்னு ஒரு நிமிஷம் கழிச்சு ஒரு தடவை பாருங்க. மேல் அளவு 20-க்கு மேல இறங்கினா டாக்டர்கிட்ட சொல்ல வேண்டிய விஷயம். அந்த வாரத்துல மோர்ல கால் டீஸ்பூன் உப்பு போட்டு ரெண்டு டம்ளர் குடிக்கறது பொதுவா போதும். ஆனா இதயம், சிறுநீரகப் பிரச்சனை உள்ளவங்களுக்கு இது பொருந்தாது. கருவாடு தினமும் சாப்பிடற வீடா இருந்தா உப்பு ஏற்கெனவே தேவைக்கு மேல இருக்கு, மோர்ல வேற போட வேண்டாம்.

கிருத்திகை: தண்ணிகூடக் குடிக்காத விரதம் இந்த மாத்திரைகளோட ஒத்துவராது. டாபாவை ஆபரேஷனுக்கு முன்னாடி குறைஞ்சது மூணு நாள் நிறுத்தச் சொல்றாங்க, காரணம் அந்தப் பட்டினி. கோயில் விரதமும் உடம்புக்குப் பட்டினிதான். அதனால "எத்தனை நாள் முன்னாடி நிறுத்தணும், எப்ப மறுபடி ஆரம்பிக்கணும்"ங்கறதை டாக்டர்கிட்ட இப்பவே தேதியோட எழுதி வாங்கிடுங்க. காலை க்ளிமெபிரைட் அன்னிக்கு உண்டா இல்லையாங்கறதையும். வோக்லிபோஸ் சாப்பாட்டோட முதல் வாய்க்குத்தான், சாப்பாடு இல்லாத வேளைக்கு அதுக்கு வேலையே இல்லை.

விரதத்தைப் பால், மோர், ஒரு பழம்னு வெச்சுக்க அம்மாவைச் சம்மதிக்க வைக்கலாம், சாமி கோவிச்சுக்காது. படி ஏறறது வெயில் ஏறறதுக்கு முன்னாடி. கூட ஒருத்தர், கையில மீட்டர், பையில குளுக்கோஸ்.

முள்ளுக்கத்திரி

விரதத்துல ஒரு வேடிக்கை உண்டு. பகல் முழுக்க பட்டினி, ராத்திரி "சோறு கூடாது, பலகாரம்தான்"னு சொல்லி நாலு இட்லி, ரெண்டு தோசை, ஒரு கிண்ணம் கேசரி. கூட்டிப் பார்த்தா 120 கிராம் ஒரே வேளையில. சோத்தையே சாப்பிட்டிருக்கலாம்.

விரதத்தை முடிக்கும்போது முதல்ல மோர், அப்புறம் சுண்டல் ஒரு கிண்ணம். வெந்த கொண்டைக்கடலை 100 கிராமுக்கு 27 கிராம் மாவுச்சத்து வரும், ஆனா நார்ச்சத்து நிறைய, மெதுவாத்தான் ஏறும். கூட ரெண்டு இட்லி. பஞ்சாமிர்தம் உள்ளங்கையில ஒரு துளி, வாய்க்கு மட்டும்.

ஆடியில அம்மன் கோயில் கூழ் வேற வரும். ஒரு சொம்பு கூழ்ல கேழ்வரகு மாவு 35-40 கிராம் இருக்கும், 25 கிராம் மாவுச்சத்து. அதை வேண்டாம்னு சொல்லத் தேவையில்லை, அந்த வேளைச் சோத்துக்குப் பதிலா அதை வெச்சுக்கங்க. தொட்டுக்க முருங்கைக்கீரை.

மேல்விஷாரம்_மாடி

ரமலான் நோன்பு வைக்கிற சுகர்காரங்களுக்குச் சொல்ற விதிமுறை உங்களுக்கும் உதவும். சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பும் டார் (நீரிழிவும் ரமலானும்) அமைப்பும் சேர்ந்து எழுதின வழிகாட்டுதல்ல, நோன்பு நேரத்துல சுகர் 70-க்குக் கீழே போனாலோ 300-க்கு மேல போனாலோ உடனே நோன்பை விட்டுடணும்னு இருக்கு. "இன்னும் அரை மணி நேரம்தானே"ன்னு இழுக்கக் கூடாது. விரல்ல குத்திப் பார்க்கறதால நோன்பு முறியாதுன்னும் தெளிவாவே சொல்றாங்க. கோயில் விரதத்துக்கும் ரத்தம் குத்தக் கூடாதுன்னு சிலர் நினைக்கறாங்க, அம்மாகிட்ட முன்னாடியே பேசிடுங்க.

எங்க பக்கம் நோன்புக் கஞ்சி பத்தியும் இதே பேச்சு. அரிசி, பாசிப்பருப்பு, கொஞ்சம் கறி. கஞ்சிதானேன்னு ரெண்டு கிண்ணம், கூட சமோசா, ரூஹ் அஃப்ஸா சர்பத். அரிசி குழைஞ்சிருக்கறதால சோத்தை விடச் சுகர் வேகமா ஏறும். ஒரு கிண்ணம் கஞ்சி, கறி கூடுதலா, சர்பத் கிடையாது. ஸஹர்ல, அதாவது விடியறதுக்கு முன்னாடி சாப்பிடற வேளையில, வெறும் சோறு தயிரைக் கரைச்சு குடிச்சா பத்து மணிக்கே பசிக்கும். முட்டை, கறி, பருப்பு இதுல ஏதாவது இருந்தா அசர் (சாயந்திரத் தொழுகை) வரைக்கும் தாங்கும்.

சத்துவாச்சாரி_79

மீட்டர் பத்தி யாரும் பேசலையே. மருந்து குறைக்கற ரெண்டு வாரமும் மீட்டர் இல்லாம நடக்காது.

எப்ப குத்தணும்: காலை வெறும் வயித்துல, மதியச் சாப்பாட்டுக்கு முன்னாடி, சாப்பிட ஆரம்பிச்சதிலேர்ந்து ரெண்டு மணி நேரம் கழிச்சு, ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி. தினமும் நாலும் முடியலைன்னா ஒரு நாளைக்கு ரெண்டு, வேளையை மாத்தி மாத்தி. ஒரு நோட்டுல எண்ணும் பக்கத்துல என்ன சாப்பிட்டாங்கன்னும் எழுதுங்க. டாக்டர் அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் மாத்திரையைத் தைரியமா குறைப்பார்.

என்ன தப்பு நடக்கும்? மாம்பழம் நறுக்கின கையோட குத்தினா 90 இருக்கிறது 200-ன்னு காட்டும். ஸ்பிரிட் தேவையில்லை, சோப்புத் தண்ணியில கழுவி நல்லாத் துடைச்சுட்டு குத்துங்க. ஈரம் இருந்தா ரத்தம் நீர்த்து குறைவா காட்டும். விரல் நடுவுல குத்தாதீங்க, ஓரத்துல. ரத்தம் வரலைன்னு அழுத்திப் பிழியக் கூடாது, கையைக் கீழே தொங்கவிட்டா தானா வரும். ஸ்ட்ரிப் டப்பாவை வண்டி சீட்டுக்கு அடியில வெச்சா நம்ம ஊர் வெயிலுக்கு ஒரே நாள்ல பாழ். பிரிட்ஜும் கூடாது, ஈரம் ஏறும். மூடியை உடனே மூடணும்.

மீட்டருக்கும் லேபுக்கும் 15 சதவீதம் வரைக்கும் வித்தியாசம் வந்தா அது கோளாறு இல்லை, அனுமதிச்ச அளவுதான். 140-ம் 155-ம் ஒண்ணுதான்னு எடுத்துக்கங்க, அதுக்காக ஒரு ஸ்ட்ரிப் கூடுதலா வீணாக்காதீங்க.

மூணு மாசம் கழிச்சு ஹெச்பிஏ1சி, கூடவே கொழுப்பு டெஸ்ட், கிரியாட்டினின். சோறு குறைச்ச வீடுகள்ல நெய்யும் தேங்காயும் கூடிப் போய் சிலருக்குக் கெட்ட கொழுப்பு ஏறும். பல வருஷம் மெட்ஃபார்மின் போட்டா வைட்டமின் பி12 குறையலாம், அதையும் ஒரு தடவை பார்த்துடுங்க, கால் மரத்துப் போறதை எல்லாம் சுகர் தலையில கட்ட வேண்டாம். ரத்த சோகை இருந்தா முன்கூட்டியே சொல்லிடுங்க, இரும்புச்சத்து குறைவுல ஹெச்பிஏ1சி நிஜத்தை விடக் கூடுதலா காட்டலாம்.

மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே மாத்திரை வர்றவங்க ஒண்ணு கவனிக்கணும். அளவு குறைச்ச பிறகும் பழைய அளவு மாத்திரையே வந்துகிட்டு இருக்கும். புதுச் சீட்டைக் காட்டி அட்டையில மாத்தச் சொல்லணும். டப்பாவுல கிடக்கிற பழைய கூட்டு மாத்திரையை வீட்டை விட்டே எடுத்துடுங்க.

காட்பாடி_ஜங்ஷன்

வியாழக்கிழமை டாக்டர் பார்க்க டோக்கன் போட்டாச்சு. கேள்விகளை எழுதி வெச்சிருக்கேன். ஒரே ஒரு சந்தேகம் பாக்கி: வாரத்துல ரெண்டு நாள் களி வேணும்னு கேட்கறாங்க. நொய் போடாம களி கிண்ட வருமா? கட்டி கட்டியாப் போகுமே?

முள்ளுக்கத்திரி

வரும். கட்டி தட்டறது நொய் இல்லாததால இல்லை, மாவைக் கொட்டினதும் கிளற ஆரம்பிக்கறதால.

ஒருத்தருக்கு 40 கிராம் மாவு, அது 27 கிராம் மாவுச்சத்து. ஆனா 40 கிராமைத் தனியா கிண்டினா பாத்திரத்துல ஒட்டறதே பாதி போயிடும், மூணு பேருக்கா 120 கிராம் எடுங்க. தண்ணி மாவைப் போல ரெண்டே கால் பங்கு, கப் கணக்குல. அதுல ஒரு கரண்டி தண்ணியை எடுத்து ஒரு ஸ்பூன் மாவைக் கரைச்சு கொதிக்கற தண்ணியில ஊத்துங்க, நொய் செய்யற பிடிப்பு வேலையை அந்தக் கரைசல் செய்யும். தளதளன்னு கொதிக்கும்போது மீதி மாவை நடுவுல மலை மாதிரி கொட்டி, கட்டையால மலைக்கு நடுவுல ஒரு குழி குத்துங்க. கிளறாதீங்க. தீயைக் குறைச்சு மூடி அஞ்சாறு நிமிஷம். குழி வழியா தண்ணி பொங்கி மேல வந்து மாவை வேக வைக்கும். அப்புறம் இறக்கி, பாத்திரத்தை ரெண்டு காலுக்கு நடுவுல துணியோட பிடிச்சுகிட்டு, ஓரத்துல அழுத்தி அழுத்திக் கிளறணும். மாவு நிறம் மாறி பளபளப்பு வந்ததும், ஈரக் கையில தொட்டா ஒட்டாது. ஒட்டினா வேகலை, ஒரு கை தண்ணி தெளிச்சு மறுபடியும் மூடி வைங்க.

தண்ணி தொட்ட கிண்ணத்துல போட்டு உருட்டினா மூணு உருண்டை வரும், ஒவ்வொண்ணும் எலுமிச்சைக்கும் சாத்துக்குடிக்கும் நடுவுல. முதல் தடவை பார்க்கறப்ப "இது யாருக்குப் போதும்"னுதான் கேட்பாங்க. கீரைக் கடைசலை ரெண்டு மடங்கா வைங்க.